அம்மா ஒட்டிய ஐந்து கண்ணாடிகள்

வேனிலேயே நமுனுகுல மலைக்குப் போய் ஓர் இரவு தங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அது நடக்குமுன்பே அவள் இறந்துபோனாள். அதன்பின் ஒரு வருடம் அப்பா அந்த வேனில் ஏறவில்லை. போன மாசியில், அங்கே போயே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது ஒன்றுதான் சொன்னார்.

“கண்ணாடி எல்லாத்தையும் கழட்டிரும்மா. எந்தப் பக்கம் திரும்புனாலும் அவ இல்லாதது தெரியுது. இல்லாட்டி வேன வித்துருவோம்.”

வேன் என்று நாங்கள் சொல்வது ஒரு பழைய சின்ன பஸ்ஸை. தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா அதற்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து ஓடும் வீடாக்கினார். இடம் பெரிதாகத் தெரியட்டும் என்று அம்மா உள்சுவரில் ஐந்து கண்ணாடிகளை சிலிக்கன் பசை போட்டு ஒட்டினாள். அம்மா எதையும் அரைகுறையாக ஒட்டுகிறவள் அல்ல. அது கழற்றும்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு பதுளையில் பஸ் ஏறினேன். பண்டாரவளை, அப்புத்தளை வழியாக ஹல்துமுல்லை சுமார் ஐம்பது கிலோமீட்டர். பத்து மணிக்கு அப்பாவின் வீட்டில் இருந்தேன். வேலையைத் தொடங்கத்தான் அவர் விடவில்லை.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா கண்ணாடி ஒடஞ்சா என்னா செய்வ?”

ஒரு நாள் வீண். எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை அப்பாவின் லயத்து வீட்டிலிருந்து வேனுக்கு மின்சார வயர் இழுத்து, தலைமுடி உலர்த்தும் மெஷினால் கண்ணாடியைச் சூடாக்கினோம். உடைந்தாலும் சிதறாமலிருக்க அதற்கு முன்பே முகப்பு முழுவதும் அகலமான, நிறமில்லாத டேப் ஒட்டியிருந்தேன். பசை இளகியதும் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் தூண்டில் நரம்பைக் கொடுத்து ஆளுக்கொரு முனையாக அறுத்தோம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மத்தியானத்துக்குள் நான்கு முழுசாக வந்தன. ஐந்தாவது, அம்மா தலைசீவும் சின்னக் கண்ணாடி. அதுவும் முழுசாகவே வந்தது.

பக்கத்து வீட்டில் அந்தச் சின்னக் கண்ணாடியைக் கேட்டிருந்ததால் அதிலிருந்த டேப்பை உரித்தேன். டேப்போடு நான்கு மெரூன் பொட்டுகளும் உரிந்து வந்தன. முகம் கழுவும்போது அம்மா எடுத்து ஒட்டிவைத்தவை. நம் வீடுகளில் எந்தக் கண்ணாடியில்தான் பொட்டு இல்லை? பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அவற்றின் மேலேயே டேப்பை அழுத்தித் தேய்த்திருக்கிறேன். இனி அப்பா நிச்சயம் இறங்கிப் போய்விடுவார், வேனும் போய்விடும் என்று நினைத்தேன்.

அப்பா அந்த டேப் துண்டை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடி இருந்த இடத்தில் மிச்சப் பசையைத் தகட்டால் சுரண்டித் துடைத்தார். பிறகு டேப்பை அங்கேயே, அம்மாவின் முகம் வரும் உயரத்தில் ஒட்டி, கட்டை விரலால் நீவிவிட்டார்.

“சாவி எங்கம்மா?” என்றார்.

எல்ல என்ற ஊர் வழியாக நமுனுகுலவுக்கு மூன்று மணி நேரம். அப்பாதான் ஓட்டினார். மலைக்குக் கீழே நிறுத்தியபோது பனி இறங்கத் தொடங்கியிருந்தது. முகம் கழுவப் போனவள், எடுத்த பொட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் விரல் நுனியிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

“அம்மாவுதுக்குப் பக்கத்துல ஒட்டு. எடம் இருக்கு.”

ஒட்டினேன். அழுகையும் வந்தது. அப்பா பார்க்காததுபோல் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

இப்படி ஒரு வேனைச் சீரமைக்கப் போகிறவர்களுக்கு: கையுறையும் கண்ணுக்குக் காப்பும் போடுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், நரம்பை இழுக்க இரண்டு பேர் வேண்டும். மாசியில் நமுனுகுல குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். டேப் ஒட்டுமுன் கண்ணாடியில் பொட்டு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்பா வேனை விற்கவில்லை.