நான் எழுதாத முதல் சோதனை

என் வாழ்க்கையில் நான் எழுதாமல் விட்ட சோதனைகள் பல. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது ஒரு பெரிய காரியமில்லை. அதன் பிறகு ரொட்டர்டாமில் மீன் பெட்டி அடுக்கினேன். பாரிஸில் வெங்காயம் உரித்தேன். ரொறன்ரோவில் ஒரு குளிர்காலம் முழுவதும் ஆஸ்பத்திரித் துணி தோய்த்தேன். எங்கும் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. நாளைக்கே வேலைக்கு வர ஏலுமா என்றுதான் கேட்டார்கள். இருந்தாலும் எழுதாமல் விட்டவற்றில் முதலாவதை மட்டும் இப்போது கூப்பிட்டாலும் போய் எழுதுவேன். அப்போது எனக்கு வயது ஏழு. லண்டனில், வால்தம்ஸ்டோவில் இருந்தோம்.

அம்மாவும் நானும் லண்டனுக்கு வந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேல் இருக்கும். அப்பா எங்களுக்கு முன்பே வந்தவர். ஊரில் அவர் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவர். இங்கே பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தார். ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள் எங்களுக்கு. கீழே இன்னொரு யாழ்ப்பாணக் குடும்பம். குளியலறை இரண்டு குடும்பத்துக்கும் பொது. சுவரில் ஈரம் பூத்துக் கறுத்திருக்கும். அதில் எனக்குக் குதிரையும் கப்பலும் தெரியும்.

அந்த வருடம்தான் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கும் நாடு முழுவதும் ஒரே மாதிரிச் சோதனை என்று அரசாங்கம் கொண்டுவந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம் இருந்தன. என் மனம் போனது வேறொன்றில். தண்ணீர் நிரப்பிய ஒரு தொட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள், சில பொருட்களைக் காட்டுவார்கள், எது மிதக்கும் எது தாழும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு போட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருந்தார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. வகுப்பில் ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தால் பாதியில் நின்றுவிடும். சுற்றியிருக்கும் பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் மிதக்கும், தாழும் என்ற இரண்டு சொற்களும் எனக்கு ஆங்கிலத்தில் நன்றாகத் தெரியும். இரண்டே சொற்களில் முடிந்துபோகிற சோதனை அது. அதில் வகுப்பையே வென்றுவிடலாம் என்று நம்பினேன்.

குளியல் தொட்டியில் பயிற்சி தொடங்கியது. சவர்க்காரம், உருளைக்கிழங்கு, அகப்பை, அப்பாவின் சவரத் தூரிகை என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். படிப்பு என்று சொன்னதால் அம்மா எதையும் தடுக்கவில்லை. கீழ்வீட்டு அன்ரிதான் கதவைத் தட்டுவார்.

“என்ன பிள்ளை, உள்ளுக்கை சமைக்கிறியோ?”

“சோதினைக்குப் படிக்கிறன் அன்ரி.”

“கடவுளே! என்ர பெடியனுக்கு ஒருத்தரும் உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்லேல்லையே.”

அடுத்த நாள் அவருடைய மகனும் தன் முறைக்கு ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டான்.

அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனை செய்வித்தார். பேரும் நட்சத்திரமும் கேட்ட ஐயர், என்ன விசேஷம் என்றார். “பிள்ளைக்குச் சோதினை ஐயா” என்று அம்மா சொன்னார். “ஏ லெவலோ?” என்று நிமிர்ந்து பார்த்தவர், கண்ணைத் தாழ்த்தித் தாழ்த்திக் கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார். உடனே மந்திரத்தைத் தொடங்கினார்.

இதற்கிடையில் பள்ளிக்கூட வாசலில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய், சிவப்புத் தலைமயிர்க்காரி, தினமும் காலையில் அங்கே நின்று பெற்றோரை மறித்துப் பேசினார். இவ்வளவு சின்னப் பிள்ளைகளைச் சோதித்துத் தரம் பிரிப்பது பிழை, சோதனை நாளன்று பிள்ளைகளை வீட்டில் நிறுத்துங்கள் என்று கேட்டார். எங்கள் ஆட்கள் அவரைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். அரசாங்கம் வைக்கிற சோதனைக்குப் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று ஒரு தாய் சொல்ல முடியும் என்பதே அவர்களுக்கு விளங்கவில்லை. வெள்ளைக்காரருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை என்று கீழ்வீட்டு அன்ரி தீர்ப்பு வழங்கினார்.

அந்தப் பெண்ணிடம் வலியப் போய்ப் பேசிய ஒரே தமிழர் என் அப்பா.

அன்று மாலை வேலைக்குப் போகமுன் புட்டைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்: “இவள் சோதினைக்குப் போகத் தேவையில்லை. நான் அந்த மனுசியிட்டைச் சொல்லிப்போட்டன்.”

அம்மா அகப்பையோடு திரும்பினார். “உங்களுக்கென்ன விசரே? ஊரில அடுத்த வீட்டுப் பெடியள் நித்திரை கொண்டாலும் கதவைத் தட்டி எழுப்பிப் படிப்பிச்ச ஆள் நீங்கள்.”

“அதாலைதான்.”

“அதாலைதான் எண்டால்? சொந்தப் பிள்ளையை மொக்கு ஆக்கப் போறியளோ?”

அப்பா கையைக் கழுவிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவருக்கு வாக்குவாதம் வராது. நான் கரும்பலகைக் காலத்து அப்பாவைப் பார்த்ததில்லை. லண்டனில் அவர் அதிகம் பேசாத மனிதர்.

மொக்கு என்ற சொல் மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. நான் படிப்பு ஏறாதவள் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் மறைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கணக்கு வாத்தியாரின் மகள் கணக்கில் பெயில் விட்டால் ஊர் சிரிக்கும் அல்லவா?

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. சோதனை நாள் காலை என்னை விடியவே எழுப்பி, சீருடை போட்டு, இரட்டைப் பின்னல் கட்டி, திருநீறு பூசினார். அப்பா வருவதற்கு முன் கொண்டுபோய் விட்டுவிடுவது அவருடைய திட்டம். நாங்கள் படியிறங்கும்போது கதவு திறந்தது. பெற்றோல் மணத்தோடு அப்பா உள்ளே வந்தார். கீழ்வீட்டு அன்ரி தன் மகனுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், உங்கட மகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகவோ?” என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இல்லாட்டி வெள்ளைக்காரரோட பிக்னிக்கோ?” என்று கேட்டார்.

“பிக்னிக்தான்” என்றார் அப்பா.

“விடுங்கோப்பா” என்று அம்மா கெஞ்சினார். “பிள்ளை ஆசைப்படுது.”

“ஆசைப்படும். எல்லாரும் ஆசைப்பட்டவைதானே.”

அம்மாவின் கை என் கையில் இருந்தது. அப்பா அப்படிச் சொன்னதும் அது தளர்ந்தது. அன்றைக்கு எனக்கு அப்பாவிலும் பார்க்க அம்மாவில்தான் கோபம். அந்த ஒரு வசனத்துக்கு ஏன் கையை விட்டார்?

சோதனைக்கு அனுப்பாத பெற்றோர் பிள்ளைகளோடு ஒரு குளக்கரையில் கூடியிருந்தார்கள். புல்லில் விரிப்பு, வண்ணப் பெட்டிகள், வெள்ளரிக்காய் வைத்த சாண்ட்விச். ஒருவர் கிற்றார் வாசித்தார். பிள்ளைகள் முகத்தில் புலிக்கோடு வரைந்துகொண்டு ஓடினார்கள். சீருடையில் இருந்தவள் நான் ஒருத்திதான். சிவப்புத் தலைமயிர்க்காரி அப்பாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஏன் வந்தீர்கள் என்று அன்பாகக் கேட்டார். அப்பா என்னைக் காட்டி, “டூ ஸ்மோல்” என்றார். அவர்களுக்கு அந்தப் பதில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் தனியே கரைக்குப் போய்ச் சுள்ளி, கல், போத்தல் மூடி, காய்ந்த இலை என்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விடையை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் எறிந்தேன். ஒரு விடையும் பிழைக்கவில்லை. எழுதிக்கொள்ளத்தான் ஆசிரியை இல்லை. அந்த நேரம் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை அந்தத் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். இன்னொரு கல்லை எடுத்து எறிந்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, பாரிஸில் வெங்காயம் உரித்த காலத்தில், அந்தச் சமையலறையின் பெரிய சமையற்காரர், அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், ஒருநாள் என் தகப்பன் பேரையும் ஊரையும் கேட்டார். சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“சேர் எங்களை வீடு வீடா வந்து எழுப்பினவர்” என்றார். “எழுதுங்கோ, எழுதினால் யூனிவேர்சிற்றிக்குப் போகலாம் எண்டவர். நாங்களும் எழுதினம். நல்ல பாஸ். அதுக்குள்ள யூனிவேர்சிற்றிக்கு எடுக்கிற விதியை அரசாங்கம் மாத்திப்போட்டுது. எங்கட தமிழ்ப் பெடியளுக்குச் சிங்களப் பெடியளிலும் பார்க்கக் கூட மார்க்ஸ் வேணும் எண்டாங்கள். பெயில் விட்டவங்கள் தோட்டம் செய்தாங்கள், கடை போட்டாங்கள். பாஸ் பண்ணிப்போட்டு இடமில்லாமல் வீட்டில இருந்தவங்கள்தான் பிள்ளை, இயக்கத்துக்குத் துவக்குத் தூக்கப் போனவங்கள். ஒவ்வொருத்தன் செத்த செய்தி வரேக்கையும் சேர் அந்த வீட்டுப் படலையில வந்து நிப்பார். உள்ளுக்கை வரமாட்டார்.”

பிறகு அவர் கத்தியை எடுத்துக்கொண்டார். நானும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன். அந்த வேலையில் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

குளக்கரையில் இது எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். இரவு முழுக்க விழித்த கண்கள் சிவந்திருந்தன. எறிவதற்கு ஒரு சுள்ளியை எடுத்துத் தந்தார். நான் வாங்கவில்லை.

“அப்பா, நான் மொக்கே?”

“ஆர் சொன்னது?”

“நான் பெயில் விட்டிடுவன் எண்டுதானே நீங்கள் விடேல்லை?”

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பின்னல் ஒன்றைப் பிடித்து, அது அவிழ்ந்துவிடுமோ என்பதுபோல் இறுக்கி வைத்துக்கொண்டு சொன்னார்:

“இல்லை பிள்ளை. நீ பாஸ் பண்ணிப்போடுவாய்.”

அவருடைய குரல் நடுங்கியது. பெரியவர்கள் பொய் சொல்லும்போது குரல் அப்படித்தான் நடுங்கும் என்று ஏழு வயதில் எனக்கு ஒரு எண்ணம். அந்த நிமிடமே எனக்கு உறுதியாகிவிட்டது, நான் மொக்குத்தான் என்று. மொக்குப் பிள்ளை ஒன்றிடம்தானே இவ்வளவு அன்பாகப் பொய் சொல்வார்கள்.