அண்ணனின் ஸ்பிரிங், என் கொக்கி

அண்ணனின் முதலாண்டு நினைவு மடலுக்கு என்னையே எழுதச் சொல்லிவிட்டார் அண்ணி. ஊரும் உறவும் அவரைப் புகழ்ந்து முடித்துவிட்டன. என்னிடம் மிச்சம் இருப்பது வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அவர் மறைந்து ஓராண்டு ஆகியும் அது ஆறவில்லை.

பென்னலூரில் மூத்த மகனாகப் பிறந்தார் அண்ணன். அப்பா சீக்கிரம் காலமாகிவிட, படிப்பை விட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனார். பின்னாலேயே என்னையும் இழுத்துக்கொண்டார். பிறகு இருவரும் ஒரகடம் சாலையில் ஷெட் போட்டு நாற்காலி செய்தோம். உள்ளே வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பெரியவர் இல்லையா என்று கேட்பார்கள்.

1991இல் மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்று, லைனில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களுக்கு, சாய்வை மாற்றிக்கொள்ளும் நாற்காலி கேட்டது. ஆளுக்கொன்று வடிவமைத்தோம். என்னுடையதில் முதுகுப் பலகையை வேண்டிய சாய்வில் கொக்கி போட்டு நிறுத்தலாம், அப்புறம் அசையாது. அண்ணனுடையதில் பலகைக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். சாய்ந்தால் இடம் கொடுக்கும், நிமிர்ந்தால் கூடவே வந்து தாங்கும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அட பாவி மனுஷா, எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

அந்தப் பெண்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அண்ணனுடையதில் உட்கார்ந்த ஒரு அம்மா, "முதுக யாரோ புடிச்சிக்கினு கீற மாதிரி கீதுண்ணே" என்றார். ஆர்டர் அதற்கே கிடைத்தது. அதன்பின் நான் செய்ததெல்லாம் அண்ணனின் நாற்காலிதான். என்னுடையது பரணுக்குப் போயிற்று.

அண்ணன் யாரையும் கடிந்து பேசமாட்டார். தொழிலாளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறுவார். நல்ல பெயர் முழுக்க அவருக்கே!

கடைசி மாதங்களில் எலும்பும் தோலுமாக இளைத்துவிட்டார். படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தே இருக்க வேண்டும். அவர் செய்த நாற்காலியில் திருகை எவ்வளவு தளர்த்தினாலும் ஸ்பிரிங் அவரை முன்னால் தள்ளியது.

"நான் பண்ணது என்னியே தள்ளுதுடா. உன்னோடத எட்துனு வா" என்றார்.

பரணிலிருந்து இறக்கித் துடைத்து, கொக்கி போட்டு உட்கார வைத்தேன். அசையாமல் தாங்கியது. அன்று முதல் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "தம்பி பண்ணது. என்னோடத விட இதான் நல்லாக் கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவரைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய மேரியக்கா குடும்பத்துக்கும், ஷெட்டை மூடாமல் பார்த்துக்கொண்ட தொழிலாளிகளுக்கும் எங்கள் நன்றி.

தம்பியுடையதுதான் நல்லது என்ற அந்த வார்த்தை அண்ணனுக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! அவர் இருந்தவரை எனக்கு வரவில்லை. அந்த மனசின்மேலும் எனக்குப் பொறாமைதான். வேண்டா வெறுப்பாகத்தான் எழுதுகிறேன்: உங்களுடையதுதான் நல்ல நாற்காலி, அண்ணே.