சந்தனம் பட்ட பிளொப்பி

கொழும்பில் ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்த புண்ணியத்தால், டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியர்களுக்கு அதைப் பழக்கிவிடும் வேலை எனக்குக் கிடைத்தது. டேனிஷ் ஆசிரியர்களுக்கு என்னைப் பிடித்துப்போனது என் கெட்டித்தனத்தால் அல்ல. அவர்கள் கொம்பியூட்டரில் தடுமாறினார்கள், நான் அவர்களுடைய மொழியில் தடுமாறினேன். யாரும் யாருக்கும் வெட்கப்படத் தேவையிருக்கவில்லை.

பயந்து ஒதுங்கியவர் ஒருவர்தான். அகதியாய் வந்த எங்கள் சனத்தின் பிள்ளைகள் ஐந்து பேருக்கு அங்கே தமிழ் படிப்பித்த மாஸ்டர். ஊரில் கணக்கு வாத்தியார். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடமாகியும் பதில் இல்லை. தமிழரின் விண்ணப்பங்களை டேனிஷ் நீதியமைச்சரே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது காலியாகக் கிடந்த தபால்பெட்டி மட்டும்தான்.

“உந்த மெஷினை நான் தொட்டுப் பழுதாக்கினால் ஆர் பிள்ளை பதில் சொல்லுறது?” என்பார்.

“நான் சொல்லுறன். நீங்கள் தொடுங்கோ, மாஸ்டர்.”

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கொம்பியூட்டர் அறையைப் பயன்படுத்தாத வகுப்பின் நேரம் வேறு வகுப்புக்குப் போய்விடும். ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை தமிழ் வகுப்பைப் பார்க்க வருவார்.

மாஸ்டருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்கட பிள்ளையள் மட்டும் கொப்பி பென்சிலோட இருக்கிறதோ?”

அந்த மெஷினில் தமிழ் எழுத்துக் கிடையாது. மாஸ்டர் கட்டம் போட்ட தாளில் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக எண்ணி வரைந்தார். அதைத் திரைக்கு மாற்ற நான் காட்டிக்கொடுத்தேன். உயிரெழுத்துப் பன்னிரண்டுக்கும் ஒரு மாதம் பிடித்தது. எல்லாவற்றையும் ஒரே பிளொப்பியில், அந்த மெல்லிய பதிவுத்தட்டில், சேமித்தோம். இன்னொன்றில் பதிந்து வைக்கச் சொல்லாதது என் பிழைதான்.

அந்தப் புதன்கிழமைக்கு முதல்நாள் சரஸ்வதி பூசை. பூசையில் வைக்கவென்று பிளொப்பியை மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். புதன் காலையில் அதைப் போட்டால் மெஷின் கரகரவென்று கத்தியதே தவிர ஒன்றும் வரவில்லை. வெளியே இழுத்துப் பார்த்தேன். உறையின் திறப்பில் உள்ளே இருக்கும் தட்டு கறுப்பாகத் தெரியுமே, சரியாக அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும்.

“உங்களுக்கு அறிவிருக்கே மாஸ்டர்? உதுக்குப் போய் ஆரும் சந்தனம் பூசுவினமே?”

பிள்ளைகளுக்கு முன்னால்தான் கத்தினேன். அவர் பிளொப்பியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு நின்றார்.

தலைமையாசிரியை உள்ளே வந்தார். நான் சமாளிக்க வாயெடுத்தேன். மாஸ்டர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, தானே போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். வெறும் திரை. தாளும் இல்லை. மனத்தில் இருந்த கணக்கிலேயே புள்ளி புள்ளியாக ‘அ’ போடத் தொடங்கினார். எது கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்லும் பிள்ளைகள், “கீழ மாஸ்டர், கீழ! இன்னும் ஒண்டு!” என்று தமிழில் கூச்சல் போட்டார்கள். ‘ஆ’வை ஒரு சிறுமியே வந்து போட்டாள். தலைமையாசிரியை மணியடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, அறை உங்களுக்குத்தான் என்று சொல்லிப் போனார்.

பிள்ளைகள் போனபின் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டேன்: “ஏன் மாஸ்டர், பொட்டு வைக்க வேற ஒண்டும் கிடைக்கேல்லையே?”

அவர் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே சொன்னார்: “பூசை முடிஞ்சால் முதல் பொட்டு மகளுக்குத்தான் வைப்பன். அதுக்குப் பிறகு மனிசிக்கு. இஞ்ச ஆருக்கு வைக்கிறது, பிள்ளை? கையில சந்தனத்தை எடுத்திட்டன், முன்னால உதுதான் இருந்தது.”

அடுத்த பூசைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், எனக்கு வைத்துவிடுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அது தோன்றியது வீட்டுக்குப் போய் உலை வைக்கும்போதுதான். அடுப்படியில் நின்று அழுதேன்.