ஆவாரம் பட்டைத் தண்ணீர்

வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். தாவரச் சாறுகள் புற்றுநோய் செல்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. குழி குழியாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, சாற்றை விட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு சாயம் சேர்ப்போம். உயிரோடு இருந்தால் குழி ஊதா நிறமாகும். செத்திருந்தால் நிறம் ஏறாது.

போன வருடம் ஒருநாள், ஆவாரம் பட்டைச் சாறு விட்ட குழிகள் எல்லாம் வெளிறிக் கிடந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது என் அண்ணனுக்குக் குடலில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே பஸ் பிடித்து ஆம்பூர் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"அண்ணா, ஆவாரம் பட்டைல கேன்சர் செல்லு செத்துப்போச்சு!"

அண்ணன் டேனரியில் தோலைப் பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்துகிறவர். அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

"இதுக்கு இன்னாத்துக்கு பாப்பா லேபு? பச்சைத் தோலு ரெண்டு நாள்ல அழுகிடும். பட்டைத் தண்ணில போட்டா வருஷக்கணக்கா நிக்கும். எங்களைக் கேட்டிருந்தா சொல்லிருப்போமே" என்று சிரித்தார். நோய் வந்த பிறகு அன்றுதான் அந்த வீடு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அண்ணி ஷூ கம்பெனிக்குப் போய்விடுவதால் அண்ணன் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார். அடுத்தடுத்து இரண்டு தடவை அவர் வரவே இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு போன் வந்தது. விசாரித்தால், வேலூர் பஸ்ஸில் ஏறி, பாதியிலேயே பள்ளிகொண்டாவில் இறங்கி, கோயிலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். வீட்டில் தினமும் பட்டைக் கஷாயம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கட்டி வளர்ந்திருந்தது. இனி வேறு மருந்து, கடுமையானது என்றார் டாக்டர்.

வீட்டுக்குப் போய்க் கத்தித் தீர்த்தேன். "தட்டுல இருக்கிற செல்லுக்கு ஈரல் இல்ல, வயிறு இல்ல. பினாயில் ஊத்தினாகூடத்தான் சாவும். பினாயிலக் குடிப்பியா?"

அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்தச் சாற நல்ல செல்லுல ஊத்திப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தோம்."

"இன்னா ஆச்சு?"

"அதுவும் செத்துப்போச்சு."

"எப்போ தெரிஞ்சுது?"

"நான் வந்து சொன்ன அடுத்த வாரமே."

அவர் முதல் தடவை பள்ளிகொண்டாவில் இறங்கியது அதற்குப் பிறகுதான். சிரித்துக்கொண்டிருந்த வீட்டைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆய்வுக்கூடத்து நோட்டில் மட்டும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துத் தூசி தட்டி என் கையில் கொடுத்தார்.

"இந்த தபா நீயும் கூட வா பாப்பா. டாக்டர் சொல்றத முழுசா கேளு. கேட்டுட்டு, எங்கிட்ட முழுசா சொல்லு."