ஒன்று போடாத அத்தான்

எங்கள் அத்தானுக்கு எதைக் கொடுத்தாலும் மார்க் போடுகிற வியாதி. போர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவரைச் சோதனை விமானியாக்கியதே, குறை கண்டுபிடிப்பதில் அவர் புலி என்பதால்தான். புது விமானம் எப்படிப் பறக்கிறது என்று ஒன்றிலிருந்து பத்துவரை மார்க் போட வேண்டும். அவர்கள் உலகமே தலைகீழ்: ஒன்று என்றால் குறையே இல்லை, பத்து என்றால் ஆளைக் கொன்றுவிடும்.

கல்யாணமான புதிதில் அக்கா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "மூணு" என்று மனதாரப் பாராட்டினார். அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே விமானதளத்தில் வானொலி அறையில் வேலை பார்க்கும் நான்தான் விளக்கிச் சமாதானம் செய்தேன். அன்றிலிருந்து அவரிடம் ஒன்று வாங்கியே தீருவேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். மனிதர் அசையவில்லை. "பொய் மார்க் போட்டா அடுத்து ஓட்டுறவன் செத்துடுவான்மா" என்பார். சாப்பாட்டை யார் ஓட்டப்போகிறார்கள்?

விமானங்களுக்கும் அவர் ஒன்று போட்டதில்லை. சக்கரம் இறங்காத விமானத்தை வயிறு தேய இறக்கிவிட்டு, "ஒன்பது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவர். அவரைக் கண்டாலே பொறியாளர்கள் வேறு பக்கம் நழுவிவிடுவார்கள்.

ஓய்வு பெறும் வருஷம் ஒரு சோதனை. ஒற்றை எஞ்சின் விமானத்தை உயரத்துக்குக் கொண்டுபோய், எஞ்சினை வேண்டுமென்றே அணைத்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டும். அணைந்தது. பற்றவில்லை. குறித்த உயரத்துக்குக் கீழே வந்துவிட்டால் குதித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. "இன்னொரு தடவ பாக்கறேன்" என்றார், கடையில் சட்டை பார்ப்பவர் மாதிரி. வானொலியில் அதைக் கேட்டது நான்தான். புத்திகெட்டுப்போய் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

குதிக்க வேண்டிய உயரம் நெருங்கும்போது எஞ்சின் உறுமியது. தரையிறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றியவர் பொறியாளரிடம், "பத்தவைக்கிறதுக்கு எட்டு. மறுபடி பாருங்கப்பா" என்றார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வீட்டில் அடுப்பிலிருந்த உருளைக்கிழங்கு கரியாகியிருந்தது. அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அத்தான் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, அந்தக் கரியில் ஒரு வாய் தின்றார்.

"ஒண்ணு."

"பொய் மார்க் போடாதீங்க" என்றாள் அக்கா.

"கிழங்குக்கு ஒன்பது. வீட்டுக்கு வந்து உன் முகத்தப் பாத்ததுக்கு ஒண்ணு."

அக்கா அழுகையும் சிரிப்புமாய் இன்னொரு கரண்டி கரியை அவர் தட்டில் வைத்தாள். அதையும் முகம் சுளிக்காமல் தின்று முடித்தார்.