சர்க்கார் வகத் தேக்கு

1. மூன்று நாள் மழையில் எங்கள் முற்றத்துத் தேக்கு வேர் பெயர்ந்து வீட்டின் பக்கம் சாய்ந்தது.
2. உள்ளே அக்காள் நான்கு நாள் குழந்தையுடன் படுத்திருந்தாள். பிரசவம் பார்த்தவள் நான்தான்.
3. அப்பா கோடாரி எடுத்தார்.
4. முதல் வெட்டு விழுமுன் வனக்காவலர் வந்து நின்றார்.

இங்கே யார் மண்ணில் முளைத்தாலும் தேக்கு சர்க்கார் வக, அதாவது அரசின் சொத்து. அதனால் ஊரார் தேக்கங்கன்றைக் கண்டதும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். நாங்கள் எறியாமல் விட்டோம்.

காவலர் மெலிந்தவர். காக்கிச் சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை. பேசுமுன் மரத்தை விரல் முட்டியால் இருமுறை தட்டுவார். அன்றும் தட்டினார்.

"வெட்டினா ஜெயிலாக்கும்."

அப்பா கோடாரியைத் தாழ்த்தினார். "மரம் சர்க்கார் வக. அது விழுந்து சாவுகது ஆரு வக, ஏமானே?"

"அது உங்க வக."

அப்போது உள்ளே குழந்தை அழுதது. காவலர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த வடத்தை எடுத்துத் தேக்கைப் பின்னாலிருந்த பலாவோடு இழுத்துக் கட்டினார். என்னைப் பார்த்து, "மக்கா, இந்த வடமும் சர்க்கார் வகயாக்கும். நல்ல கயிறு எண்ணு எவனெங்கிலும் அவுத்தா கேசு உண்டு, சொல்லிப்போடு" என்றார்.

அவர் காத்தது குழந்தையையா, மரத்தையா என்று எனக்குத் தெரியவில்லை.

வெட்ட அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். உத்தரவு வரவில்லை. அக்காளை அடுக்களைக்கு மாற்றியிருக்கிறேன். காற்று எழும்போதெல்லாம் அந்தக் கயிற்றைப் பார்க்கிறோம்.