வெளியே சொல்லாத வைட்டமின்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயில் ஏறிப் போய், ஓர் ஆய்வுக்கூடத்தில் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்க்கிறேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் சர்க்கரை கலந்த சிவப்புத் தண்ணீர், அடியில் கண்ணுக்குத் தெரியாத செல்கள். அதுகளுக்குப் பேய்ப்பசி. சர்க்கரையை அவசர அவசரமாகத் தின்று அமிலத்தைக் கக்கும். இரண்டு மூன்று நாளில் சிவப்புத் தண்ணீர் மஞ்சளாகிவிடும்.

சில தட்டுகளில் மட்டும், வைட்டமின் ஏ-யிலிருந்து நம் உடம்பு செய்துகொள்ளும் ஓர் அமிலத்தைச் சொட்டுவிட்டேன். மற்ற தட்டுகளெல்லாம் மஞ்சளான பிறகும் இவை சிவப்பாகவே இருந்தன. சந்தோஷப்பட்டேனா? அந்தக் கொடுப்பினை எனக்கு ஏது! செல்கள் செத்திருக்கும் என்று நினைத்து எண்ணிப் பார்த்தேன், உயிரோடுதான் இருந்தன. சர்க்கரை போட மறந்துவிட்டேனோ என்று பாட்டிலைச் சந்தேகப்பட்டேன். வெளிச்சம் பட்டால் அந்த அமிலம் கெட்டுவிடும் என்பதால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வோம். யாராவது இடையில் விளக்கைப் போட்டார்களோ என்று பக்கத்து மேசைக்காரரையும் முறைத்தேன். நான்கு முறை திரும்பச் செய்த பிறகுதான் நம்பினேன். செல்கள் சர்க்கரையை எரிக்கிற விதமே மாறியிருந்தது.

இந்தப் புத்தியோடு வீட்டிலும் இருப்பவளைச் சகித்துக்கொண்டவர் என் அண்ணி ஒருவர்தான். அண்ணன் அணுபுரத்திலிருந்து வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறார். மாமல்லபுரம் போகிற வழியில் அவர்கள் வீடு. போன வருடம் அண்ணிக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை செங்கல்பட்டில் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே என் வீட்டுக்கு வந்து தங்கிவிடுவார். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது என் வேலை.

நாலாவது கீமோவுக்குப் பிறகு ஏதோ சரியில்லாமல் போனது. உதடு வெடித்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. கீமோ ஏற்றிய இரண்டு நாள் வாந்தி வருவது வழக்கம், ஆனால் பதினைந்து நாள் கழித்தும் வாந்தி எடுத்தார், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட்டிருப்பதாக வந்தது. டாக்டரம்மா அடுத்த கீமோவை நிறுத்திவைத்தார். ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றார் அண்ணி.

கேள்வி முடிவதற்குள் வந்த பதில் அது. எனக்கு அங்கேயே மூக்கு வியர்த்துவிட்டது. பரவியிருக்கும் என்று நம்ப எனக்கு மனமில்லை. அந்தப் பயத்தில்தான் அத்தனை சந்தேகமும் கிளம்பியது என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் வேலைக்குப் போகும் ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். உதடு, தோல், தலைவலி, ஈரல். வைட்டமின் ஏ உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் இதெல்லாம் வரும் என்று படித்திருக்கிறேன். அது எங்கே கொட்டிக் கிடக்கிறது? மீன் ஈரலில். அண்ணி வீட்டுக்கு யார் மீன் கொண்டுவருகிறார்? கூடையோடு வரும் மீன்கார அக்கா. உடம்பு தேறட்டும் என்று புட்டு செய்ய வாரத்துக்கு ஒருமுறை சுறா கொண்டுவந்து தருகிறார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போய், அவர் வாசலில் கூடையை இறக்கும்போதே பிடித்துக்கொண்டேன்.

"எங்க அண்ணிக்கு இன்னா குட்த்துகினு கீற நீ? ஈரல் குட்த்தியா? எண்ணெ குட்த்தியா?"

"ஈரலா? சொறா குட்த்தேன், ரெண்டு துண்டு. புட்டு துன்னா ஒடம்புக்கு நல்லதுன்னுதான் குட்த்தேன். அதுக்கு இன்னா இப்போ?"

"உன்னாலதான் அவங்களுக்கு ஈரல் கெட்டுப்போச்சு!"

தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த அக்கா கூடையைத் தூக்கித் தலையில் வைத்தார். "படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. வாசலில் நின்ற அண்ணி என்னைத் தடுக்க வாயெடுத்தார், பிறகு உள்ளே போய்விட்டார். அதையும் நான் சந்தேகக் கணக்கில்தான் சேர்த்தேன்.

ஸ்கேனுக்கு முதல் நாள் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். குளிக்கப் போனபோது பையைக் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார். ஒரு துணிப் பைக்கு எதற்கு இத்தனை பத்திரம்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் பையைத் திறந்தேன். கேவலமான வேலைதான், தெரிந்தேதான் செய்தேன். துணிக்கு அடியில், ஜிப் வைத்த பைபிள் உறைக்குள் மூன்று அட்டை மாத்திரை இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் விற்கிற வைட்டமின் ஏ. வீரியம் அதிகமான வகை. ஓர் அட்டை பாதி காலி.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"யாரு அண்ணி குடுத்தது இத?"

"நீதான்."

"நானா?"

"நீதான பாப்பா சொன்ன? பூண்டு உரிச்சிகினு இருந்தேன், போன்ல போட்டா காட்டன. செவப்பா கீறது அடங்கிப் போனது, மஞ்சளா கீறது அடங்காதது, வைட்டமின் ஏ போட்டா அதுங்க சக்கர துன்ற விதமே மாறிப்போவுதுன்னு. இது கடைல கெடைக்குமான்னு கேட்டேன். கெடைக்கும், கண்ணுக்குக் குடுக்கறதுதான்னு சொன்ன."

சொல்லியிருக்கிறேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அடுத்த போட்டோவைத் தேடிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். வீட்டில் என் வேலையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அண்ணி ஒருவர் கேட்டார் என்று தலைகால் புரியாமல் அளந்திருக்கிறேன்.

"காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. அன்னிலேர்ந்து."

"டாக்டர் கேட்டப்பகூட ஏன் சொல்லல? அந்த மீன்கார அக்காவ அவ்ளோ பேசனேனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"உன் பேப்பர் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு நீதான சொன்ன. நடுத்தெருவுல எப்டி சொல்றது? ஆஸ்பத்திரில கேட்ட அந்தம்மாவோ டாக்டரு. உன்ன முந்திக்கினு அவங்க எழுதிட்டாங்கன்னா?"

ஈரல் கெட்டு, ஸ்கேன் பயத்தில் தூக்கம் கெட்டு, என் கட்டுரையைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். அவர்தான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் அட்டைகளை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தேன். "யாரு சாப்பிடச் சொன்னது?" என்றார். அண்ணி முந்திக்கொண்டு, "போன்ல பாத்தேன் மேடம்" என்றார்.

ஒரு நிமிடம் அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மறைத்து என்ன, உண்மையைச் சொன்னேன். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொல்லிச் சீட்டில் எழுதினார். பிறகு அண்ணியைப் பார்த்து, "அடுத்த தடவை உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஈரல் தேற வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் மீன்கார அக்காவைக் கடற்கரையில் தேடிப் போய், தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். செதில் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். "செரி, மீன் வேணுமா வேணாமா?" என்றார். பாதி வாழை இலைக்குள் சுற்றிய கெளுத்தி மீனோடு திரும்பி வந்தேன்.

மறுபடி கீமோ ஏற்றிய நாளில் அண்ணன்தான் உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் அண்ணன் மருந்து வாங்க வரிசையில் நிற்கப் போக, அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டா பாப்பா? அந்தப் போட்டால இருந்தது பொய்யா?"

"பொய் இல்ல அண்ணி. நாலு தடவ பாத்துட்டுதான் சொன்னேன்."

"நெஜம்னா எனக்கு ஏன் ஆவல?"

அந்தத் தட்டில் செல்கள் மட்டும்தான் இருக்கின்றன. அதற்கு ஈரல் கிடையாது, வலிக்கத் தலை கிடையாது. நான் சொட்டுவிடுவதும் அந்த மாத்திரையும் ஒன்றல்ல. தட்டில் நடப்பது மனித உடம்பில் நடக்குமா என்பது எனக்கும் தெரியாது, இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த எளிய தமிழில் சொன்னேன். அண்ணி ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.